அம்சவேணி பேரில்

பிளாஸ்டிக் பையை அரசாங்கம் மொத்தம் நான்கு முறை தடை செய்தது. ஒவ்வொரு முறையும் பள்ளிக்கூடப் பிள்ளைகளை வெயிலில் நிறுத்தி உறுதிமொழி வாங்கினார்கள். உறுதிமொழி முடிந்ததும் பிளாஸ்டிக் டம்ளரில் ஜூஸ் கொடுத்தார்கள். முதல் தடையின்போது வேலங்காட்டூர்க் கடைக்காரர்கள் பைகளைக் கல்லாவுக்குக் கீழே ஒளித்து வைத்தார்கள். இரண்டாவது தடை வந்தபோது மறுபடி மேலே எடுத்து வைத்துவிட்டார்கள். மூன்றாவதும் நான்காவதும் வந்ததே அவர்களில் பலருக்குத் தெரியாது. ஊருக்கு நடுவே ஓடிய கூழையாற்றை ஆறு என்று சொன்னதெல்லாம் ஒரு மரியாதைக்குத்தான். பாலத்தில் நின்று பார்த்தால் தண்ணீர் தெரியாது. கலர் கலராகக் கவர்தான் தெரியும்.

ஐந்தாவது முறை அரசாங்கம் தடை செய்யவில்லை. பேர் எழுதியது.

விஷயம் இவ்வளவுதான். தொழிற்சாலையில் பிளாஸ்டிக்கை உருக்கும்போதே கண்ணுக்குத் தெரியாத ஒரு பொடியைக் கலந்துவிடுவார்கள். கவர் கைமாறும்போது வாங்குகிறவர் கைரேகைப் பெட்டியில் பெருவிரலை வைக்க வேண்டும். பெட்டி ஒரு வெளிச்சத்தைப் பாய்ச்சும். பழைய பேர் அழிந்து, வாங்கியவர் பேர் பொடியில் ஏறிவிடும். அதற்கப்புறம் கவரைக் கிழித்தாலும் நறுக்கினாலும் நகத்தளவுத் துணுக்கிலும் அந்தப் பேர் இருக்கும். ஆற்றிலும் சாக்கடைகளிலும் சல்லடை மதகு வைத்தார்கள். வந்து மாட்டுகிற ஒவ்வொரு துணுக்கும் யாருடையது என்று மதகு படித்து எழுதிக்கொள்ளும். தடை என்பது ஊருக்கெல்லாம் பொது. ஊருக்கெல்லாம் பொதுவான எதையும் நம் ஆட்கள் சட்டை செய்ததில்லை. பேர் என்பது தனக்கு மட்டும். எது உறைக்கும் என்று யாரோ ஒரு புண்ணியவான் சரியாகத்தான் யோசித்திருக்கிறான்.

ஒருவர் பேரில் ஆற்றில் கிடைத்த எடை எல்லைக்குள் இருந்தால் யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். எல்லையைத் தாண்டினால் ஆற்றுப்பணி: சல்லடையில் சேர்ந்ததை வாரத்தில் அரைநாள் இறங்கி அள்ள வேண்டும். பல மடங்கு தாண்டினால் ஆற்றங்கரை முகாமில் ஒரு வருஷம் தங்கி அள்ள வேண்டும். ஒரு வீதியில் யார் பேரிலும் ஒன்றுமே இல்லையென்றால் அது வெள்ளை வீதி. வீதி முனையில் வளைவு கட்டி, குழாயில் தினமும் தண்ணீர் விடுவார்கள். வேலங்காட்டூரில் மற்ற வீதிகளுக்கு வாரம் ஒருமுறைதான் தண்ணீர்.

மூன்றாம் வருஷம் ஆற்றில் கொக்கு நின்றது. இந்தப் பேர்க் கணக்கைப் பார்க்கிற மாவட்டத் தடய அலுவலர் மகுடேஸ்வரிக்கு விருது கிடைத்தது. லட்சக்கணக்கில் இருந்த மாசாளர்கள், அதாவது ஒரு துணுக்காவது தன் பேரில் ஆற்றில் சிக்கியவர்கள், அவள் மாவட்டத்தில் எழுநூறு பேராகக் குறைந்துவிட்டார்கள் என்று விருதுப் பத்திரத்தில் இருந்தது. மகுடேஸ்வரிக்கு விருதைவிடக் கொக்குதான் பெரிதாகப்பட்டது. பள்ளிக்கூடக் காலத்தில் மூக்கைப் பொத்திக்கொண்டு கடந்த பாலத்தில் இப்போது சாயங்காலம் காற்று வாங்கப் போனாள். தன் வேலையைப் பற்றி அவளுக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. இருக்கட்டும், கர்வப்படும்படி வேலை செய்கிறவர்கள் எத்தனை பேர்?

அந்த வருஷக் கணக்கெடுப்பில் மாவட்டத்திலேயே அதிக எடை அம்சவேணி என்ற பேரில் வந்தது. அடுத்த ஆளுக்கும் அவளுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம் இருந்தது. முகாமுக்கு அனுப்பும் உத்தரவு மகுடேஸ்வரியின் மேஜைக்கு வந்தது. கையெழுத்துப் போடுமுன் அலுவலர் ஆளை நேரில் பார்க்க வேண்டும் என்று விதி. யாரும் போய்ப் பார்ப்பதில்லை. இவள் போனாள். இவ்வளவு கவரை ஆற்றில் போடுகிறவள் கல்யாண மண்டபம் வைத்திருப்பாள், இல்லாவிட்டால் ஏதாவது ஃபேக்டரி நடத்துவாள், நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டுவிட்டு வரலாம் என்பது அவள் எண்ணம்.

முகவரி, வரிசையாக ஒட்டிக் கட்டிய லைன் வீடுகளில் ஒன்றுக்குக் கொண்டுபோய் விட்டது. ஒரே அறை. வாசலில் பழைய மொபெட், அதன் மேல் பால் பாக்கெட் அடுக்குகிற கிரேடு. உள்ளே நிறைமாதத்துக்குப் பக்கத்தில் இருந்த ஒரு பெண் கை நிறைய வளையலோடு கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள். அம்சவேணிக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு ஒரே நாற்காலியை எடுத்துப் போட்டாள்.

"உக்காருங்க மேடம். இவ என்ர மக. தலைப்பிரசவத்துக்குக் கூட்டியாந்திருக்கறனுங்க. சித்த இருங்க, காபி வெச்சுத் தாரேன்."

"காபியெல்லாம் வேண்டாம். நீங்க என்ன வேலை பண்றீங்க?"

"பால் பாக்கெட் போடறனுங்க. முல்லை நகர் மூணாம் வீதி பூராவும் என்ர லைனுதான்."

"பால் பாக்கெட் போட்டா, வாங்கற ஊட்டுக்காரங்க விரல் வெக்கோணும். கவரு அவங்க பேருக்குப் போயிரும். உங்க பேர்ல ஏன் நிக்குது?"

அம்சவேணி சிரித்துவிட்டாள். அலுவலரைப் பார்த்துச் சிரிக்கக் கூடாது என்று ஞாபகம் வந்து வாயைப் பொத்திக்கொண்டாள்.

"நான் போறப்ப மணி நாலரைங்க. ஊரே தூங்கிட்டு இருக்கும். கேட்டுல ஒரு பை தொங்கும், அதுல போட்டுட்டு வந்துருவேன். எந்த ஊருலீங்க மேடம் பால்காரிக்கு எந்திரிச்சு வந்து விரல் வெக்கறாங்க?"

சட்டத்தை எழுதியவர்கள் சென்னையில் குளிர்சாதன அறையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் யோசித்திருந்தார்கள். கைரேகை தேயும் என்று யோசித்தார்கள், கரண்ட் போகும் என்று யோசித்தார்கள். கேட்டில் தொங்குகிற பையை மட்டும் யாரும் யோசிக்கவில்லை. அவர்கள் வீட்டுக் கேட்டிலும் அது தொங்கிக்கொண்டுதான் இருந்திருக்கும்.

"பால் கவரு மட்டும் இவ்வளவு எடை வராதே."

"அது வந்துங்க, பால் கவரு என்ர பேர்லயே நிக்குதுன்னு ஒரு ஊட்டுல கண்டுபுடிச்சாங்க. அப்பறம் வரும்போது எண்ணெய் பாக்கெட் ஒண்ணு வாங்கியாந்துரும்மா, மாவு பாக்கெட் ஒண்ணுன்னு ஆரம்பிச்சாங்க. ஒரு ஊட்டுக்குச் செஞ்சா பக்கத்து ஊட்டுக்குச் செய்யாம இருக்க முடியுங்களா? எல்லாத்தையும் என்ர விரல வெச்சு வாங்கி அந்தப் பையிலயே போட்டுருவேன்."

"கவரக் கழுவி மடிச்சு வெச்சுப் பழைய பேப்பர்காரனுக்குப் போடறதுதானே வழக்கம்? ஆத்துக்கு ஏன் வருது?"

"அவங்க பேரு இருந்தா கழுவி மடிப்பாங்க. என்ர பேரு இருக்கறதுக்கு எதுக்குங்க மெனக்கெடோணும்? சாக்கடைல வீசிருவாங்க."

"தெரிஞ்சேவா இதையெல்லாம் செஞ்சீங்க?"

"தெரியாமீங்களா? ஒரு வருசமா வாராவாரம் ஆத்துல எறங்கி அள்ளிட்டு இருக்கறனே. சல்லடைல கையக் குடுத்தா என்ர பேருதான் கொத்துக் கொத்தா வருது." அம்சவேணி மகளைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினாள். "முடியாதுன்னு ஒரு ஊட்டுல சொன்னா மத்த ஊடும் போயிரும் மேடம். லைன் போச்சுன்னா எல்லாம் போச்சு. நான் முகாமுக்குப் போறதப் பத்தி ஒண்ணுமில்லீங்க. இவளுக்குப் பிரசவம் ஆவட்டும். தாயி நான் இருக்கையில தலைப்பிரசவத்த யாரோ பாத்தாங்கன்னு வரக்கூடாது. அதுக்கப்பறம் கூப்புட்டுக்கோங்க. இல்லீன்னா இவ ஒத்தையில கெடப்பாளுங்க."

மகள் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள்.

மகுடேஸ்வரி வீட்டுக்கு வந்ததும் தன் கணக்கைத் திறந்து பார்த்தாள். சுத்தமாகப் பூஜ்யம். அந்தப் பூஜ்யத்தை அவள் கூட்டங்களில் சொல்லியிருக்கிறாள். "நானும் உங்களை மாதிரி ஒரு குடும்பப் பொண்ணுதான், என்னால முடியுதுன்னா உங்களாலயும் முடியும்" என்று மைக் பிடித்துப் பேசியிருக்கிறாள். வெளியே வந்து கேட்டைப் பார்த்தாள். பை தொங்கிக்கொண்டிருந்தது. அவளுடைய பால் கவர்கள் யார் பேரில் இருக்கின்றன என்று அவளுக்குத் தெரியாது. பால் போடுகிற ஆளின் முகம்கூடத் தெரியாது. வெட்கமாக இருந்தது.

மறுநாள் முல்லை நகர் மூன்றாம் வீதிக்குப் போனாள். நுழைவில் வளைவு, அதில் 'மாவட்டத்தின் முதல் வெள்ளை வீதி' என்று பெரிய எழுத்து. திறந்துவைத்ததே அவள்தான். குடியிருப்போர் சங்கத் தலைவர் கனகசபாபதி, வங்கி மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர், வீட்டு ஹாலில் எல்லோரையும் கூட்டியிருந்தார். மேடத்துக்குப் பொன்னாடையும் தயாராக இருந்தது.

மகுடேஸ்வரி பொன்னாடையை ஓரமாக வைத்துவிட்டு விஷயத்தைச் சொன்னாள். அம்சவேணி பேரில் இருப்பது இந்த வீதியின் கவர்தான். அதை வீட்டுக்கு வீடு பிரித்துக்கொண்டால் ஒருத்தருக்கும் எல்லையில் பாதிகூட வராது. யாரும் ஆற்றில் இறங்க வேண்டாம், யாரும் முகாமுக்குப் போக வேண்டாம். இனி வருகிற கவருக்கு அவரவர் விரலை வைத்தால் போதும்.

"அருமையான யோசனைங்க மேடம்," என்றார் கனகசபாபதி. "ஆனா வெள்ளை போயிருமே?"

"போகும்."

"தண்ணி?"

"மத்தவங்க மாதிரி வாரத்துக்கு ஒருக்கா வரும்."

ஹாலில் இருந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். யாரும் கெட்டவர்கள் இல்லை. அம்சவேணியைப் பற்றி எல்லோரும் நல்லதாகவே சொன்னார்கள். மழையானாலும் பால் தவறியதில்லை, நாய்கூட அவளைப் பார்த்துக் குரைக்காது, கொரோனா மாதிரி இன்னொன்று வந்தபோதுகூட அவள் ஒருத்திதான் வந்தாள். ஒரு அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். தண்ணீரை விட்டுத்தர மட்டும் ஒருவரும் தயாராக இல்லை.

"நாங்க என்ன நெனைக்கறோம்னா மேடம்," என்று கனகசபாபதி தொண்டையைச் செருமினார். "அவங்க போறன்னிக்கு வீதி சார்பா ஒரு பட்டுச்சேலை எடுத்துக் குடுத்து, நல்லபடியா அனுப்பி வெச்சரலாம்ங்க."

மகுடேஸ்வரிக்கு வந்த கோபத்தில் எழுந்து நின்றுவிட்டாள். தன் வீட்டுக் கேட்டில் தொங்குகிற பை கண்முன் வந்தது. கும்பிடு போட்டுவிட்டு வெளியே வந்தாள்.

ஆனால் சும்மா இருக்கிற சுபாவம் அவளுக்கு இல்லை. உத்தரவை அடுத்த கணக்கெடுப்பு வரை நிறுத்தி வைக்க அலுவலருக்கு அதிகாரம் உண்டு. நிறுத்தி வைத்தாள். பிறகு விதிப் புத்தகத்தில் ஏற்கெனவே இருந்த ஒரு வரியை எடுத்துச் சுற்றறிக்கையாக அடித்து மாவட்டத்திலுள்ள பால் போடுகிறவர்கள், வீட்டுவேலை செய்கிறவர்கள் எல்லோருக்கும் அனுப்பினாள்: வாங்குகிறவர் விரல் வைக்காமல் எந்தப் பொருளையும் கொடுக்கக் கூடாது. கொடுத்தால் கொடுத்தவர் மேல் நடவடிக்கை.

அம்சவேணி அலறியடித்துக்கொண்டு அலுவலகத்துக்கு வந்தாள். "ஏனுங்க மேடம், நாலரை மணிக்குப் பெல் அடிச்சா என்னத் தொலைச்சுருவாங்க. வேற ஆளப் பாத்துக்குவாங்க."

"வேற ஆளும் பெல் அடிச்சுத்தான் ஆகோணும். எல்லாத்துக்கும் ஒரே சட்டம். என்னையத் திட்டச் சொல்லுங்க. பால் வேண்டாம்னா திருப்பி பூத்துக்கே கொண்டுபோயிருங்க."

முதல் நாள் மூன்றாம் வீதியில் பெல் அடித்தது. விளக்கு எரிந்தது, ஜன்னல் திறந்தது, ஜன்னல் மூடியது. யாரும் இறங்கி வரவில்லை. அம்சவேணி பாலைத் திருப்பிக் கொண்டுபோனாள். அன்றைக்கு வீதியே வரக்காப்பி குடித்தது. கனகசபாபதி அதுதான் உடம்புக்கு நல்லது என்று சங்க வாட்ஸப் குழுவில் நீளமாக ஒரு தகவல் போட்டார். இரண்டாம் நாள் அந்தத் தகவலுக்குக் கீழே அவர் மனைவியே கோபமாக ஒரு பொம்மை போட்டிருந்தார். மூன்றாம் நாள் ஒருவர் பக்கத்து ஊரில் மாடு வைத்திருப்பவரைத் தேடிப் போய், உங்கள் பால்காரி ஏன் வருவதில்லை என்று அவர் கேட்ட கேள்விகளுக்குப் பதில் சொல்ல முடியாமல் திரும்பினார். கொள்கை, லட்சியம் என்று ஒரு மனிதன் எத்தனையோ நாள் பட்டினி கிடப்பான்; காலையில் காபி இல்லாமல் அவனால் பேப்பர்கூடப் படிக்க முடியாது. நாலாம் நாள் விடியுமுன் ஒவ்வொரு கேட்டிலும் ஒரு ஆள் நின்றது. லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டும், நைட்டி மேல் துண்டைப் போட்டுக்கொண்டும், கொட்டாவி விட்டுக்கொண்டும் எல்லோரும் பெருவிரலை நீட்டினார்கள்.

அந்த மாதமே வளைவைக் கழற்றினார்கள். குழாயில் வாரம் ஒருமுறை தண்ணீர் வந்தது. மகுடேஸ்வரியைப் பற்றி முல்லை நகரில் பேசியதையெல்லாம் இங்கே எழுத முடியாது. அவளும் தன் வீட்டுக் கேட்டில் தினமும் நாலரைக்கு நின்றாள். பால் போடுகிறவர் பேர் தாவூது என்பதையும், அவர் பேரிலும் ஆற்றுப்பணி இருந்தது என்பதையும் அப்போதுதான் தெரிந்துகொண்டாள். அம்சவேணிக்குப் பேத்தி பிறந்தது. அடுத்த கணக்கெடுப்பில் அவள் பேரில் ஒன்றுமே இல்லை. உத்தரவை மகுடேஸ்வரி தன் கையாலேயே ரத்து செய்தாள். அன்றைக்கு அவளுக்கு இருந்த சந்தோஷம் விருது வாங்கிய அன்றுகூட இல்லை.

சந்தோஷம் அடுத்த சனிக்கிழமை வரை நீடித்தது.

சனிக்கிழமை காலையில் ஆற்றுப்பணிக்கு வருகிறவர்களுக்கு மதகடியில் வருகை எடுப்பார்கள். அன்றைக்கு வருகை கொடுக்க ஒருவரும் வரவில்லை. மாவட்டம் முழுக்க யாருமே எல்லையைத் தாண்டவில்லை. எல்லோர் பேரிலும் கொஞ்சம் கொஞ்சம் இருந்தது. தண்டிக்கும்படி யார் பேரிலும் இல்லை. மதகு மட்டும் தன் பாட்டுக்குத் துணுக்குகளைப் பிடித்துப் படித்து எழுதிக்கொண்டிருந்தது. அள்ளுவாரில்லை. நாலு வாரத்தில் சல்லடை அடைத்தது. எட்டாவது வாரம் மதகுக்கு மேலே கவர் வழிந்து ஓடியது. மழை வந்தபோது சாக்கடை திரும்பி முல்லை நகர் மூன்றாம் வீதிக்குள்ளேயே போனது. கொக்கைக் காணவில்லை.

மகுடேஸ்வரி பாலத்தில் நின்று பார்த்தாள். இத்தனை நாள் ஆற்றைச் சுத்தமாக வைத்திருந்தது பேரும் இல்லை, பொடியும் இல்லை. அம்சவேணி மாதிரி எழுநூறு பேர் இடுப்பளவு தண்ணீரில் நின்று அள்ளியதுதான். அந்த எழுநூறு பேரையும் அவள் வீட்டுக்கு அனுப்பிவிட்டாள். செய்தது சரிதான் என்று அவளுக்கு நிச்சயமாகத் தெரியும். ஆனாலும் மூக்கைப் பொத்த வேண்டியிருந்தது.

இயக்குநர் சென்னையிலிருந்து கூப்பிட்டார்.

"என்னம்மா மகுடேஸ்வரி, உங்க மாவட்டத்துல மாசாளர் எவ்வளவு?"

"நாலு லட்சத்துச் சொச்சம் சார்."

"போன வருஷம்?"

"எழுநூறு சார். ஆனா அந்த எண்ணிக்கை பொய் சார். எடையைப் பாருங்க. போன வருஷத்தைவிடக் கொஞ்சம் குறைஞ்சுதான் இருக்கு. தன் பேரு இருக்கறதால பாதிப்பேரு மறுபடி கழுவி மடிக்க ஆரம்பிச்சிருக்காங்க. அள்ளறதுக்குத்தான் ஆளில்லை."

"சட்டசபையில எடையை யாரும்மா கேக்கப் போறாங்க? எத்தனை பேருன்னுதான் கேப்பாங்க. எழுநூறு நாலு லட்சம் ஆச்சுன்னா திட்டம் தோத்துப் போச்சுன்னு அர்த்தம். இந்தச் சுற்றறிக்கையை உங்களை யாரு அனுப்பச் சொன்னாங்க?"

"எல்லையைக் குறைச்சுறலாம் சார். எல்லாரும் மாசத்துக்கு ஒரு மணி நேரம் அள்ளுனாப் போதும், ஆறு சுத்தமாயிரும்."

"எல்லாரும்னா? நீங்களும் நானுமா?"

"ஆமாங்க சார்."

இயக்குநர் சிரித்தார். நல்ல மனிதர்தான். கேலியாகச் சிரிக்கவில்லை, நிஜமாகவே வேடிக்கையாக இருந்ததால் சிரித்தார்.

"இல்லாட்டி கவர் செய்யற கம்பெனி பேரை முதல்ல எழுதுங்க சார். மதகுல சிக்கறதை அவங்க ஆள் வெச்சு அள்ளட்டும்."

"பொடி கலக்கறதே அவங்கதாம்மா. தன் பேரை எவனாவது தானே எழுதிக்குவானா? கொஞ்சம் பொறுங்க, மேல ஒரு யோசனை ஓடிட்டிருக்கு."

அந்த யோசனை ரொம்ப நாள் ஓடவில்லை. பொங்கலுக்குள் 'ஏற்பாளர் திட்டம்' வந்தது. ஒவ்வொரு பகுதிக்கும் அரசாங்கமே ஒரு ஏற்பாளரை நியமிக்கும். அந்தப் பகுதியில் வாங்குகிற எல்லாக் கவரும் தானாகவே அவர் பேருக்குப் போய்விடும். பதிலுக்கு அவர் வாரத்தில் ஆறு நாள் ஆற்றங்கரை முகாமில் தங்கி மதகை அள்ள வேண்டும். மாதச் சம்பளம், வருங்கால வைப்பு நிதி, பென்ஷன். பத்திரிகைகள் பாராட்டின. ஒரே கையெழுத்தில் மாசாளர் எண்ணிக்கை மாவட்டத்துக்கு நூறாகிவிடும், வேலைவாய்ப்பும் பெருகும் என்று தலையங்கம் வந்தது. பட்டதாரிகள் வரிசையில் நின்று விண்ணப்பித்தார்கள். முன் அனுபவம் உள்ளவர்களுக்கு முன்னுரிமை.

அம்சவேணி கோயில் பிரசாதத்தோடு அலுவலகத்துக்கு வந்தாள். நல்ல சேலை கட்டியிருந்தாள். அனுபவச் சான்றிதழில் மேடம் ஒரு கையெழுத்துப் போட வேண்டும் என்றாள்.

மகுடேஸ்வரிக்கு முதலில் புரியவில்லை. புரிந்தபோது பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். "அம்சவேணி, உங்களை அந்த முகாமுக்கு அனுப்பக் கூடாதுன்னுதான நான் இத்தனை பாடுபட்டேன்? ஊரையே பகைச்சுக்கிட்டேன்."

"கோவிச்சுக்காதீங்க மேடம். நீங்க பண்ணுன உபகாரத்த நான் சாகற மட்டும் மறக்க மாட்டேன். மகளுக்குப் பக்கத்துல இருந்து பிரசவம் பாத்தேன். அது போதுங்க எனக்கு."

"அப்பறம் எதுக்கு இது?"

"அப்ப சும்மா செஞ்சனுங்க. இப்பச் சம்பளம் தாராங்க. என்ர வம்சத்துல கவுருமெண்டு உத்தியோகம் பாத்தவங்க யாருங்க இருக்கறாங்க?" அம்சவேணி பிரசாதத்தை மேஜையில் வைத்தாள். "ஆத்துல யாராச்சும் எறங்கித்தானுங்க ஆகோணும். எனக்கு அந்தத் தண்ணி பழகிப்போச்சு. ஞாயித்துக்கெழம பேத்தியப் பாக்க உடறாங்களாமா."

"இது தப்பு அம்சவேணி."

"தப்புத்தானுங்க. கையெழுத்துப் போடறீங்களா, இல்ல வேற ஆபீசரப் பாக்கட்டுங்களா?"

அவள் அதைத் திமிராகக் கேட்கவில்லை, சாதாரணமாகத்தான் கேட்டாள். தான் போடாவிட்டால் வேறு யாரோ போடுவார்கள், அல்லது வேறு ஒரு அம்சவேணிக்கு வேலை போகும் என்பது மகுடேஸ்வரிக்குத் தெரிந்திருந்தது. இவளுக்குப் போகிற பென்ஷனைத் தடுப்பதற்குத் தான் யார் என்றும் தோன்றியது. பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டாள்.

அம்சவேணி சான்றிதழைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். வாசல் வரை போனவள் திரும்பி நின்றாள்.

"முல்லை நகரோட உங்க வீதியும் என்ர பகுதிலதான் வருதுங்க மேடம். இனி நீங்க விடியக்கால எந்திரிச்சுச் சிரமப்பட வேண்டாம். நல்லாத் தூங்குங்க."

மாதம் பிறந்தது. முதல் நாள் காலை நாலரைக்கு மகுடேஸ்வரி வழக்கம்போலக் கேட்டுக்கு வந்தாள். தாவூது மொபெட்டை நிறுத்தி இரண்டு பாக்கெட்டை எடுத்துக் கொடுத்தார். "இனிமே நீங்க வர வேண்டியதில்லையேம்மா, பைய மாட்டிருந்தாப் போதுமே" என்றார். இவள் அவர் கையிலிருந்த பெட்டியை வாங்கிப் பெருவிரலை வைத்தாள். வெளிச்சம் வரவில்லை.

"இந்த வீதிக்கு ஏற்பாளர் உள்ளார்," என்றது பெட்டி, பதிவு செய்த ஒரு பெண்குரலில். "உங்கள் கைரேகை தேவையில்லை."

மகுடேஸ்வரி விரலைச் சேலையில் நன்றாகத் துடைத்துக்கொண்டு மறுபடி அழுத்தினாள். பெட்டி அதையே திரும்பச் சொன்னது. இந்த முறை கடைசியில் நன்றியும் சொன்னது.